முனியாண்டிக்குச் சீயக்காய் தேய்த்தேன்

என்னைத் தூக்கி வளர்த்த மாமாவுக்கு,

ஒரு சந்தோஷச் செய்தி. இன்று காலை, ஆலையில் கணக்கெழுதும் கிராணி துரைக்கண்ணு நம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். ஆமாம், அவனேதான். ரப்பர் ஆலை ஆபீஸ் வாசலில் உங்களைப் பிடித்துத் தள்ளச் சொன்னவன். உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. வீடு தேடி வந்தவனை இப்படி நிறுத்தலாமா என்று கேட்பீர்கள். நிறுத்தினேன் மாமா, வெயில் ஏறும்வரை நிறுத்தினேன். வயிறு குளிர்ந்தது.

நீங்கள் போன பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். கிள்ளான் பக்கம் துண்டு நிலம் வைத்திருக்கும் நம் சனங்களும் கேட்கட்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே கூலிகளின் லயத்து வரிசைவீட்டில் பாதி ஆயுசைக் கழித்து நீங்கள் வாங்கிய நிலம் இது. அப்போது பாதி காடு. விற்றவர் மூன்று மூலையில் எண் வெட்டிய எல்லைக்கல்லைக் காட்டினார். நாலாவது காட்டுக்குள் எங்கேயோ கிடக்கிறது என்றார். நீங்களும் சரி என்று விட்டுவிட்டீர்கள். பிறகு ஆலை வந்தது. நம் கீரைப்பாத்தி ஓரத்து வாய்க்காலில் ஆசிட் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். மூக்கைப் பிடுங்கும் நாற்றம். கீரை கருகியது. சினையாக இருந்த நம் பசு சிவப்பி அந்தத் தண்ணீரைக் குடித்துச் செத்துப்போனாள்.

நியாயம் கேட்கப் போனீர்கள். அந்தப் பாவி சொன்னதை, கூட வந்த உங்கள் மகன் வாயால் கேட்டேன். "வாய்க்காலுக்கு அந்தாண்ட உன் கல்லு இருந்தா காட்டு. இல்லாட்டி வாய்க்கால் ஆலையோடது. லயத்துல கிடந்த கூலிக்கு எல்லை என்னய்யா எல்லை?" அவன் அப்பனும் நம்மைப்போல் கப்பலில் வந்தவர்தான். வெள்ளைக்காரத் துரையின் வராந்தாவில் நின்றதும் இவனுக்குக் கொம்பு முளைத்துவிட்டது! காவல்காரன் தள்ளியதில் உங்கள் தோள்துண்டு சேற்றில் விழுந்தது. அதை எடுக்கக்கூடக் குனியாமல் வீட்டுக்கு வந்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். பிறகு எழுந்திருக்கவே இல்லை. நான் வைத்த கஞ்சியையும் தள்ளிவிட்டீர்கள். ஏன் மாமா, அவன் பேச்சு உங்கள் உயிரைவிடப் பெரியதா?

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நம் முனியாண்டி இருக்கிறார் அல்லவா? காடு வெட்டியபோது நல்ல பாம்பு சுற்றிக் கிடந்த கல். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டீர்கள். அன்றிலிருந்து வெள்ளிதோறும் எண்ணெயும் மஞ்சளும், ஆடியில் ஒரு சேவல். பிசுக்கு ஏறி ஏறிக் கல் தோசைக்கல் மாதிரி ஆகிவிட்டது. நீங்கள் போனதும் எண்ணெய் நின்றது. துக்க வீட்டார் வருஷம் திரும்பும்வரை சாமிக்கு எதுவும் செய்யக் கூடாது என்று உங்கள் மகன் சொல்லிவிட்டார். கல் மழையில் ஊறியது. மாடுகள் வந்து நக்கின. ஒரு நாள் புல் அறுக்கப் போனேன். முனியாண்டியின் நெற்றியில் இங்கிலீஷ் எண் தெரிந்தது.

வீட்டுக்கு ஓடி, சீயக்காயும் தேங்காய் நாரும் எடுத்து வந்து தேய்க்க ஆரம்பித்தேன். உங்கள் மகன் அலறிக்கொண்டு ஓடி வந்தார்.

"அடியே, சாமிடி அது! துக்க வீட்டுப் பொம்பள தொடலாமா?"

"சாமிதான். இத்தனை சேவல் தின்னுச்சுல்ல? வந்து சாட்சி சொல்லட்டும்."

நில ஆபீசில் மனுப் போட்டு அளவைக்காரரை வரவழைத்தேன். யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர். சங்கிலி பிடித்து அளந்தார், கல்லைக் குனிந்து பார்த்தார். "இது உங்கட நாலாவது கல்லு, தங்கச்சி. வாய்க்கால் முழுக்க உங்கட காணிக்குள்ளதான் கிடக்குது. இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?" என்றார்.

கும்பிட்டுக்கொண்டிருந்தோம் என்றேன். வேறென்ன சொல்ல?

மறுநாளே ஆள் பிடித்து வாய்க்காலை மண் கொட்டி அடைத்தேன். ஆலைத் தண்ணீர் திரும்பிப் போய் அவர்கள் முற்றத்திலேயே நிற்கிறது. நாற்றம் துரை பங்களா வரைக்கும் அடிக்கிறதாம். மெஷின் சத்தம் நின்றுவிட்டது. அன்றைக்கு நான் பாயசம் வைத்தேன்.

அதனால்தான் இன்று துரைக்கண்ணு வந்தான். "அக்கா, வாய்க்காலுக்கு வாடகை குடுக்குறேன்னு துரை சொல்றாரு. நீங்க சம்மதிக்கலைன்னா என் வேலை போயிரும்க்கா. நான் புள்ளகுட்டிக்காரன்."

உங்கள் மகன் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு இளகின மனசு, உங்களை மாதிரி.

"எங்க மாமா துண்டு உங்க ஆபீஸ் வாசல்ல விழுந்துச்சு," என்றேன். "அதை எடுத்துத் துவைச்சு, அவர் தோள்ல போட்டுட்டு வா. அப்புறம் வாடகை பேசலாம்."

அவன் அழுதான். எனக்குப் பாவமாக இல்லை. இருக்க வேண்டுமா மாமா? நீங்களாக இருந்தால், போகட்டும் விடும்மா என்று வாய்க்காலைத் திறந்து விட்டிருப்பீர்கள். நான் திறக்க மாட்டேன்.

ஒன்றுதான் நெஞ்சை அறுக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் எண்ணெய் நின்றிருக்காது, எண்ணும் தெரிந்திருக்காது. ஆலை வாசலில் நீங்கள் நியாயம் கேட்டபோது வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, உங்களைத் தூக்கிக்கொண்டு போன பிறகு வாயைத் திறந்த சாமி அது. கடப்பாரையால் பெயர்த்துப் போடலாமா என்றுகூடத் தோன்றியது. பெயர்த்தால் வாய்க்கால் ஆலைக்குப் போய்விடுமே என்று விட்டேன்.

உங்கள் வருஷத் திதி முடிந்ததும் முனியாண்டிக்கு மறுபடி எண்ணெய் வைப்பேன், மூன்று பக்கம் மட்டும். எண் இருக்கும் பக்கத்தை வெள்ளிதோறும் நானே சீயக்காய் போட்டுத் துடைப்பேன். என் மூச்சு உள்ளவரை அவர்கள் தண்ணீர் ஒரு சொட்டு நம் மண்ணில் ஓடாது. உங்கள் துண்டின்மேல் சத்தியம்.

உங்கள் தங்கச்சி மகளும் மூத்த மருமகளுமான
அஞ்சலை