பேர் போட்ட தாள்

பதுளை
12.09.2023

என் அன்பு ஜெயா,

நீயும் உன் வீட்டுக்கார அண்ணனும் சுகமா? நான் நல்ல சுகம், பதுளை வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது. வழக்கம்போல ஹாஷிம் நானா கடை விலாசத்துக்கே இதைப் போடுகிறேன். தேயிலைத் தோட்டத்து ஆபிசுக்குப் போட்டால் தீபாவளி வாழ்த்து பொங்கலுக்குத்தான் உன் கைக்கு வரும். போனில் சொல்லலாம் என்றால் உங்கள் லயத்து வரிசை வீடுகளில் சிக்னல் இருந்தால்தானே.

ஒரு நல்ல செய்தி. எங்கள் திட்டத்தில் பத்துப் பாதைகளைத் திருத்தி, மரஞ்செடி வைத்துப் பசுமையாக்கப் போகிறோம். அந்தந்த இடத்துச் சனத்தைக் கேட்டு, அவர்கள் சொல்கிறபடிதான் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. ஒன்பது பாதை டவுன் பக்கம். பத்தாவதாக உங்கள் கீழ்க்கணக்கு லயத்துப் பாதையை எழுதிக் கொடுத்தது நான்தான். அங்கே பிறந்தவள் இதைக்கூடச் செய்யாவிட்டால் எனக்கு எதற்கு உத்தியோகம்?

21ஆம் திகதி வியாழக்கிழமை கூட்டம். வேலை நாளாச்சே என்று யோசிக்காதே. தோட்டத்துத் துரையிடம் பேசிவிட்டேன். வருகிறவர்களுக்கு அன்றைக்குக் கொழுந்து பறித்ததாகவே கணக்கு, முழுநாள் சம்பளத்துக்கு முழுப்பேர் போடுவார்கள். பெண்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வா. கூட்டத்தில் வாயைத் திறந்து கேள். உன் வாயை நம்பித்தான் நான் வருகிறேன்.

என்றும் உன்
சுதா


கீழ்க்கணக்கு, நாலாம் நம்பர் லயம்
02.10.2023

அடி என் ஆபிசர் அம்மா,

உன்னைப் பார்த்த சந்தோஷம் இன்னும் தீரவில்லை. பக்கத்துக் காம்பரா வீட்டுத் துஷாந்தினி, "வெள்ளச் சப்பாத்து போட்டு வந்தது நம்ம சுதாக்காவா?" என்று இன்றைக்கும் கேட்கிறாள். அந்தச் சப்பாத்து எங்கள் சேற்றில் பட்ட பாட்டைப் பார்த்து எனக்குத்தான் சிரிப்பு அடங்கவில்லை.

ஆளுக்கொரு ரோஸ் தாளைக் கொடுத்து, "ஒங்களுக்கு என்ன வேணும்னு எழுதுங்க" என்றாயே, அப்போது எங்கள் ஆட்கள் முழித்த முழியைக் கவனித்தாயா? இதுவரை எங்களை யார் கேட்டார்கள்? பாதி பேர் மகனுக்கு வேலை வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். நான் எழுதியது உனக்குத் தெரியும். ஏற்றத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. சக்கர நாற்காலி போகிற அகலத்துக்குப் பாதை. வேறொன்றும் வேண்டாம்.

சீனி வியாதியில் கால் போனதிலிருந்து, ஹாஷிம் நானா கடைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து குடை தைக்கும்போதுதான் உன் அண்ணன் மனுஷராக இருக்கிறார். மழை பெய்தால் நாற்காலியை நான் பின்னால் தள்ள, துஷாந்தினி முன்னால் கயிறு கட்டி இழுக்கிறாள். அதற்கு ஒரு வழி பிறந்தால் உன்னைக் கும்பிடுவேன்.

கடைசியில் நீ நீட்டிய தாளுக்குக் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு நிற்கிற மாதிரியே வரிசையில் நின்றோம். மேலே ஒன்றும் எழுதாமல் வெறுமையாக இருக்கிறதே என்று நான் கேட்டதற்கு, "பேர் போடத்தான்டி" என்றாய். சிவனம்மா பெரியம்மா, "முழுப்பேரா அரைப்பேரா?" என்று மூன்று தரம் கேட்ட பிறகுதான் பெருவிரலை வைத்தது. துரை சொன்ன சொல் தவறவில்லை, எல்லாருக்கும் முழுப்பேர் விழுந்தது.

அடுத்த தரம் வந்தால் சாப்பிடாமல் போகக்கூடாது.

உன்
ஜெயலெட்சுமி


பதுளை
22.01.2024

அன்பு ஜெயாவுக்கு,

பொங்கலுக்கு வர முடியவில்லை, கோபிக்காதே. வேலை அடுத்த வாரம் உங்கள் பாதையில் தொடங்குகிறது. முழுக்கச் சீமெந்து. நாற்காலி சும்மா வழுக்கிக்கொண்டு போகும் என்று அண்ணனிடம் சொல்.

கம்பி விஷயத்தில்தான் இன்ஜினியர் இழுக்கிறார். வளைவில் வெள்ளைக்காரர்கள் வண்டியை நிறுத்திப் படம் பிடிக்கிறார்கள் அல்லவா? கம்பி தெரிந்தால் அழகு கெட்டுவிடுமாம். அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்கிறார். நான் விடமாட்டேன். இப்போதைக்குப் பூந்தொட்டிகள் வரும்.

மார்ச்சில் திறப்பு விழா, பெரிய ஆட்கள் வருவார்கள். நீ அந்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் நில். யாராவது கேட்டால் நல்லதாக நாலு வார்த்தை சொல். இந்தப் பாதை நல்லபடி முடிந்தால் என்னை வேலையில் நிரந்தரமாக்குவார்கள் போலிருக்கிறது.

உன்னை நம்பும்
சுதா


கீழ்க்கணக்கு
18.03.2024

சுதா,

சுகம் விசாரித்து எழுத இன்றைக்கு மனம் வரவில்லை.

பாதை அழகாகத்தான் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் என் வாய் புழுத்துப்போகும். ஆனால் இரண்டு பக்கமும் சீமெந்துத் தொட்டி வைத்து, டேலியாவும் ரோசாவும் நட்டு, நடுவில் மனுஷர் போக எவ்வளவு விட்டிருக்கிறார்கள் தெரியுமா? கொழுந்து பறிக்கும்போது செடியில் மட்டம் பார்க்கிற கம்பை எடுத்துப் போய் அளந்தேன். நாற்காலியின் அகலத்துக்கு நாலு விரற்கடை குறைகிறது. சேற்றில் போன நாற்காலி சீமெந்தில் போகவில்லை சுதா.

திறப்பு விழா நாளிலிருந்து அவர் வெளியே வரவில்லை. விழாவையும் வாசலில் இருந்துதான் பார்த்தார். ஹாஷிம் நானா தானே லயத்துக்கு வந்து, "புவனேந்திரன், ரெண்டு பேராத் தூக்கிட்டுப் போயிருவோம், நான் ஒரு பக்கம் புடிக்கிறேன்" என்றார். இவர், "பொணத்தத்தான் நானா தூக்கணும். எனக்கு இன்னும் நேரம் வரல" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தைக்க வந்த குடைகள் கடையில் குவிந்து கிடக்கின்றன.

விழா முடிந்ததும் இன்ஜினியரிடம் போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஃபைலைத் திறந்து காட்டினார். முதல் தாளில் தொட்டிகளோடு பாதையின் படம், கீழே சிங்களத்தில் நாலு வரி. துஷாந்தினி வாசித்துச் சொன்னாள். 'இந்தப் படத்தின்படி செய்ய ஊர் மக்களாகிய எங்களுக்கு முழுச் சம்மதம்.' அதற்குப் பின்னால் எங்கள் கையெழுத்துகள். பெரியம்மாவின் பெருவிரலும் இருந்தது. "நீங்க சொன்னதத்தானே அம்மா செஞ்சிருக்கு" என்றார்.

அது நாங்கள் பேர் போட்ட தாள். அது எப்படி அந்தப் படத்துக்குப் பின்னால் போனது? ஒரு வரி எழுது, போதும்.

ஜெயலெட்சுமி


பதுளை
09.04.2024

ஜெயா,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று வாரம் எழுதாமல் இருந்தேன். உன்னிடம் பொய் சொல்ல வரவில்லை. உங்கள் கையெழுத்துகளுக்கு மேலே அந்தப் படத் தாளை வைத்துப் பின் குத்தியது நான்தான்.

நான் கூட்டம் வைப்பதற்கு முன்னமே கொழும்பில் படம் வரைந்து, தொட்டிகளுக்கும் சொல்லியாயிற்று. எனக்கே அது நவம்பரில்தான் தெரியும். டிசம்பருக்குள் மக்களின் சம்மதம் வராவிட்டால் உங்கள் பாதையை எடுத்துவிட்டு வேறு பாதைக்குக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். திரும்ப வந்து உங்களைக் கேட்க நேரமில்லை. கேட்டால் நீ ஒப்பமாட்டாய் என்றும் தெரியும். ஒன்றும் இல்லாமல் போவதைவிடச் சீமெந்தாவது கிடைக்கட்டும் என்று நினைத்தேன். நாற்காலி போகாது என்று சத்தியமாக நினைக்கவில்லை.

உங்கள் ரோஸ் தாள்களை நான் எறியவில்லை. எல்லாம் என் மேசை லாச்சியில் இருக்கின்றன.

ஜூலையில் எனக்கு நிரந்தரக் கடிதம் வந்துவிடும். அதற்குப் பிறகு தைரியமாகப் பேசித் தொட்டிகளை எடுக்கச் சொல்கிறேன். அதுவரை மேலிடத்துக்கு ஒன்றும் எழுதாதே. தொட்டிகளில் கை வைக்காதே. எனக்காக.

மன்னிப்புக் கேட்கும்
சுதா


பதுளை
11.06.2024

திருமதி பு. ஜெயலெட்சுமி,
இல. 4 லயம், கீழ்ப் பிரிவு (கீழ்க்கணக்கு).

அன்புடையீர்,

பொதுச் சொத்துக்குச் சேதம் விளைவித்தமை தொடர்பாக

மேற்படி பிரிவின் லயத்துப் பாதையில் வைக்கப்பட்டிருந்த ஒன்பது பூந்தொட்டிகளைத் தாங்களும் வேறு சிலரும் 02.06.2024 ஞாயிற்றுக்கிழமை அகற்றியதாக முறைப்பாடு கிடைத்துள்ளது. இது குறித்த தங்களது எழுத்துமூல விளக்கத்தைப் பதினான்கு நாட்களுக்குள், தங்கள் கையொப்பத்துடன் அனுப்பிவைக்குமாறு வேண்டுகிறேன்.

எஸ். சுதர்ஷினி
வெளிக்கள உத்தியோகத்தர்

(ஜெயா, எழுதச் சொன்னார்கள், எழுதினேன். தெரியாமல் செய்துவிட்டோம் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பு. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். – சு.)


கீழ்க்கணக்கு
20.06.2024

சுதர்ஷினிக்கு,

விளக்கம் கேட்டிருக்கிறாய், சொல்கிறேன்.

பதினொரு பெண்கள் சேர்ந்து ஒரு பக்கத்துத் தொட்டிகளை மட்டும் நகர்த்தினோம். ஒரு பூக்கூட உதிரவில்லை. குழாயடியில் வரிசையாக வைத்து, பெரியம்மா தினமும் தண்ணீர் ஊற்றியது. சேதம் என்று எழுதியிருக்கிறாயே, அந்தச் சொல்லை எழுதும்போது உனக்குக் கை கூசவில்லையா?

மறுநாள் காலையில் அவர் முகம் சவரம் செய்துகொண்டு, தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனார். பன்னிரண்டு நாள் போனார். போன வெள்ளிக்கிழமை உங்கள் ஆட்கள் வந்து தொட்டிகளைப் பழைய இடத்தில் வைத்து, இனி அசையாதபடி அடியில் சீமெந்து பூசிவிட்டுப் போனார்கள். அன்று அவர் கடையிலிருந்து திரும்பி வர வழியில்லை. நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். நாற்காலியை மடித்துக் கட்டிலுக்குப் பின்னால் வைக்கச் சொல்லிவிட்டார். தைக்காத குடைகளை நான்தான் ஒவ்வொரு வீடாகத் திருப்பிக் கொடுத்தேன்.

தெரியாமல் செய்தோம் என்று எழுதச் சொல்கிறாய். தொட்டிகளைத் தெரிந்துதான் நகர்த்தினோம். நாங்கள் தெரியாமல் செய்தது ஒன்றே ஒன்று, செப்டம்பரில் உன் தாளில் கையெழுத்துப் போட்டது.

நிரந்தரக் கடிதம் வந்தால் சந்தோஷமாக இரு, சாபம் ஒன்றும் கொடுக்கவில்லை. உன் லாச்சியில் இருக்கும் ரோஸ் தாள்களை ஹாஷிம் நானா கடைக்கு அனுப்பிவிடு. அவை எங்களுடையவை.

நேற்றுக் காலைப் பெரட்டில் பெரியம்மா என்னைப் பார்த்து, "நம்ம சுதாவுக்கு இனி முழுப்பேரா அரைப்பேரா?" என்று கேட்டது. "பேரே இல்ல பெரியம்மா" என்றேன். சொல்லிவிட்டுக் கொழுந்து மலையில் நின்று அழுதேன், அதையும் மறைக்கவில்லை.

கையொப்பம் கேட்டிருக்கிறாய். இந்தக் கடிதத்தில் என் பேர் ஓரிடத்திலும் இல்லை, திருப்பிப் பார். முப்பது வருஷமாக என் எழுத்தை வாசிக்கிறவளுக்கு யார் எழுதியது என்று தெரியும். கையெழுத்து மட்டும் போடமாட்டேன். அதற்கு மேலே நீ எந்தத் தாளை வைத்துக் குத்துவாய் என்று எனக்குத் தெரியாது.