ஆள் நிற்காத பிரிவில் நேரே

சனி, 8 நவம்பர்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. செயினுக்கு எண்ணெய் போட்டாயிற்று. டயர் காற்று நாளை பங்க்கில். மிட்-டெர்ம் தாள் நாற்பத்திரண்டில் பதினேழு திருத்தியது.

நாளை ஆனேக்கல் தாண்டி தளி சாலையில் குழுவோடு. பதினாறு வண்டி. எனக்கு இது நான்காவது முறை. இன்னும் பயம்தான், கணவர் ரகுவிடம் சொல்லவில்லை. சொன்னால் போகாதே என்பார். அவர் வகுப்புத் தோழர் மூர்த்திதான் குழுவின் தலைவர் என்பதால் இதுவரை தடுக்கவில்லை, அவ்வளவே.

குழுவில் புழங்கும் பேச்சு, மறக்காமல் இருக்க:
– தடதட வண்டி (மூர்த்தி): தாடி, தோல் ஜாக்கெட். போன வழியைக் கழன்று விழுந்த போல்ட்டை வைத்தே கண்டுபிடிக்கலாம்.
– விலை வண்டி (மஞ்சுநாத்): காப்பி குடிக்க மட்டும் வெளியே வரும். ஒரு விளக்கு எரிந்தாலும் கம்பெனி ஆள் வர வேண்டும்.
– ஆரஞ்சு (தினேஷ்): கண்ணாடியில் பின்னால் தெரியும், திரும்பினால் முன்னால் போய்க்கொண்டிருக்கும்.
– 125 (நான்): பால்கார வண்டி.

பதினாறு பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது என்று புள்ளியியல் முதல் வார வகுப்பிலேயே சொல்கிறவள் நான். ஆனாலும் சிரிக்கிறேன்.

நாளைக்குக் கடைசி வண்டி தினேஷ். தண்டனையாம். "இவனை முன்னாடி விட்டா இட்லிக்கு நிக்க மாட்டான், சேலத்துல போய்த்தான் நிப்பான்" என்றார் மூர்த்தி. தினேஷ், "சரிண்ணா, ஒரு நாளைக்கு உங்க புகையைக் குடிச்சிட்டே வர்றேன்" என்றான். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, இருபத்தாறு வயது, ஆம்பூர்க்காரன்.

விதி (மூர்த்தி மறுபடி அனுப்பியிருக்கிறார்): சாலை பிரியும் இடத்தில், தலைவருக்கு அடுத்து வருகிறவர் அங்கேயே நின்றுவிட வேண்டும். பின்னால் வருகிற எல்லாருக்கும் வழி காட்ட வேண்டும். கடைசி வண்டி வரும்வரை நகரக் கூடாது. ஆள் நிற்காத பிரிவில் நேரே போ.

ஞாயிறு, 9 நவம்பர். மாலை 5

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஏழு இருபது. பனி. மூர்த்திக்கு அடுத்து நான். சாலை பிரிந்தது, அவர் இடது பக்கம் கை காட்டிவிட்டுப் போனார். நான் நின்றேன். நேரே போகும் சாலை எங்கே போகிறது என்று தெரியாது, பலகை இல்லை.

பன்னிரண்டு வண்டி திரும்பிப் போயிற்று. பாக்கி இரண்டு: மஞ்சுநாத், தினேஷ். எண்ணிக்கையில் நான் தவறவில்லை. அதைக் குறித்துக்கொள்கிறேன்.

பிறகு யாரும் இல்லை. போனில் சிக்னல் இல்லை. எதிரே மதகுச் சுவரில் இரண்டு ஆட்கள். எப்போது வந்தார்கள் என்று பார்க்கவில்லை. ஒருவர் கன்னடத்தில் கேட்டார், "காடி எஷ்டு கொடுத்தே?" வண்டி லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று. ஐம்பத்தைந்து என்றேன். மற்றவரிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார், இருவரும் சிரித்தார்கள். மற்றவர் எழுந்து சாலையைக் கடந்து என் பக்கம் நடந்து வந்தார். கையில் செல்போன்.

ஹெல்மெட்டுக்குள் என் மூச்சுச் சத்தம் மட்டும். ஸ்டார்ட் செய்தேன். போய்விட்டேன். கடைசியாகப் போன வண்டிக்குப் பின் பதினொரு நிமிடம் நின்றிருக்கிறேன்.

ஓட்டலில் மூர்த்தி தோசைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "கடைசி ஆளு?" என்றார். "பின்னாடி வந்துட்டிருக்கார்" என்றேன்.

அந்த இரண்டு வார்த்தை. ஏன் சொன்னேன்? பயந்து ஓடி வந்தேன் என்று பதின்மூன்று பேர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் மஞ்சுநாத்திடமிருந்து செய்தி: வண்டியில் மஞ்சள் விளக்கு, வீட்டுக்குத் திரும்புகிறேன், தினேஷ் உங்களிடம் வருகிறான். எல்லாரும் சிரித்தார்கள். காத்திருந்தார்கள். நாற்பது நிமிடம். அப்புறம்தான் தினேஷின் எண்ணிலிருந்து அழைப்பு, வேறு ஆள் குரல்.

நேரே போகும் சாலையில் இரண்டு கிலோமீட்டரில் பாலம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். தடுப்பு இல்லை. பள்ளத்தில் கிடந்திருக்கிறான். தலையில் அடி, தோள் எலும்பு, இடது கால். தூக்கி வந்து மினி லாரியில் ஏற்றியவர்கள், பிரிவில் மதகில் உட்கார்ந்திருந்த இருவராம். அந்த இரண்டு ஆட்கள்தான்.

இப்போது ஐ.சி.யூ.வில். நினைவு இல்லை.

சாப்பிடவில்லை. ரகு கேட்டார். தலைவலி என்றேன்.

திங்கள், 10 நவம்பர்

வகுப்பு இரண்டு. என்ன நடத்தினேன் என்று தெரியாது. மதியம் விடுப்பு போட்டு மருத்துவமனை.

மாடியில் காத்திருக்கும் இடத்தில் நாற்காலிக்கு அடியில் ஹெல்மெட்டுகள் வரிசையாக. நம் குழு மட்டுமில்லை. வேறு குழுக்காரர்கள், பெயர் தெரியாதவர்கள், இரத்தம் கொடுக்க வந்திருக்கிறார்கள். தடதடக்காரர்கள் ஆறு பேர், ஆரஞ்சுக்காரர்களை ஜென்ம விரோதி மாதிரிப் பேசுகிறவர்கள். ஒருவர் எல்லாருக்கும் எலுமிச்சை சாதப் பொட்டலம் கொடுத்தார். எனக்கும். வாங்கிக்கொண்டேன்.

மூர்த்தி காவல் நிலையம் போய்விட்டு வந்திருந்தார். "மேடம் அங்கதான் நின்னு கை காட்டியிருக்காங்க. இவன் பார்த்தானா? வந்த வேகத்துல அவங்களே தெரிஞ்சிருக்க மாட்டாங்க." எல்லாரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. மறுக்கவும் இல்லை.

யாருமே என்னைக் கேட்கவில்லை, மஞ்சுநாத்தின் செய்தி வரும் முன்பே நான் ஓட்டலில் இருந்ததையும் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. ஆரஞ்சு வண்டி என்றதும் கேள்வியே முடிந்துவிட்டது.

மஞ்சுநாத் மூலையில். தாடை சவரம் செய்யாமல், கண் சிவந்து. தன் வண்டி நின்ற இடத்தில் தினேஷ் இருபது நிமிடம் கூட நின்றானாம். ஒரு கிண்டல் இல்லையாம். "அதான் மேடம், என்னால லேட் ஆயித்து. அந்த லேட்டைப் பிடிக்கத்தான் ஓட்டியிருக்கான். என்னாலதான்."

உங்களால் இல்லை என்றேன். ஆறுதல் என்று எடுத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

செவ்வாய், 11 நவம்பர்

மழை விட்டுவிட்டது. கேஸ் புக் செய்தேன். தாள் ஒன்றுகூடத் திருத்தவில்லை.

தினேஷின் அம்மா ஆம்பூரிலிருந்து வந்திருக்கிறார். தனியாக. அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநர், முப்பது வருடம், ஒரு கீறல் இல்லை என்று பெயராம். மகன் இந்த வண்டி வாங்கிய அன்றிலிருந்து பேசுவதில்லை. எட்டு மாதம். "தெனமும் இந்த மாதிரி வண்டிங்கோ பஸ்ஸுக்குக் குறுக்கே பூந்து வருதாம். அதுல ஒருத்தன் என் வீட்லயேவான்னு கேட்டாரு. இப்பவும் வர மாட்டேங்கறாரு. வேகமா போனான், விழுந்தான், நான் இன்னா பாக்கறதுன்றாரு."

அந்த அம்மா என் வயதுதான் இருப்பார்.

கழிவறையில் போய்ச் சிறிது நேரம் நின்றேன். அவன் எழுந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன், எனக்குப் பழக்கமில்லாத வேலை. அடுத்த நொடியே, எழுந்தால் ஞாபகம் இருக்குமே என்றும் நினைத்தேன். இரண்டும் ஒரே மூச்சில். இதை வேறு எங்கும் எழுத முடியாது.

புதன், 12 நவம்பர்

ரகுவிடம் சொல்லிவிட்டேன். சமையலறையில், அவர் தோசை சுட்டுக்கொண்டிருந்தபோது. அடுப்பை அணைத்தார்.

"யாராவது கேட்டாங்களா?"

"இல்லை."

"அப்ப கேக்காத கேள்விக்கு நீ ஏன் பதில் சொல்ற?"

கெட்ட மனிதர் இல்லை. போலீஸ், கோர்ட்டு, கல்லூரி நிர்வாகம் என்று வரிசையாகச் சொன்னார். அவருக்கும் பயம். நான் மூன்று நாளாய் என்னிடமே சொல்லிக்கொண்டிருந்ததும் அதே வரிசைதான்.

மாலை குழுவில் செய்தி. தினேஷ் கண் திறந்தான். அம்மா என்றானாம். 👍 வரிசை. நான் போடவில்லை, பிறகு போட்டேன்.

அதற்கடுத்த செய்தி மூர்த்தியிடமிருந்து: ஞாயிறன்று எல்லாரும் அந்தப் பிரிவுக்குப் போகிறோம். தூக்கி வந்த இரண்டு பேருக்கும் சால்வை, இனிப்பு. ஊர் ஆட்களிடம் விசாரித்து வீடு தெரிந்துவிட்டது.

அவர்கள் என்னைப் பார்த்திருக்கிறார்கள். நான் கிளம்பியதைப் பார்த்திருக்கிறார்கள்.

வியாழன், 13 நவம்பர்

தூக்கம் மூன்று மணி நேரம்.

சமயம் பார்த்து உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். அந்த இருவருக்கும் மூர்த்தியின் கன்னடம் புரியாமல் போகலாம். ஹெல்மெட் போட்ட பெண் யார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும். இந்த மாதிரி எட்டு காரணம் யோசித்து வைத்திருக்கிறேன்.

பிடிபடப் போகிறேன் என்பதால் சொல்ல நினைக்கிறேனா, சொல்ல வேண்டும் என்பதால் நினைக்கிறேனா? பிரித்துப் பார்க்க என்னிடம் தரவு இல்லை.

வெள்ளி, 14 நவம்பர்

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். பத்து நிமிடம் பார்க்க விட்டார்கள். தலையில் கட்டு, முகம் வீங்கி. என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தான்.

"சாரி மேடம்."

எதற்கு என்றேன்.

"நீங்க கை காட்டியும் நான் பாக்காம போயிட்டேனாம். எனக்கு மஞ்சு அண்ணன்கூட நின்னது வரைக்கும்தான் ஞாபகம். அப்புறம் ஒண்ணும் இல்ல. வேகமாத்தான் வந்திருப்பேன். எல்லாரும் சொல்றாங்களே."

அவன் அம்மா சாத்துக்குடி உரித்துக்கொண்டே சொன்னார், வண்டியை விற்றுவிடப் போகிறார்களாம், வேலையையும் விட்டுவிட்டு ஊருக்கே கூட்டிப்போய்விடுவாராம். அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

அவனுக்கு ஞாபகம் இல்லை. நான் பயந்தது நடக்கவில்லை. லிப்ட்டில் இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நிம்மதி இல்லை இது. அந்த இருவரும் வாய் திறக்காவிட்டால், இதை அவனிடம் சொல்ல இனி நான் ஒருத்திதான்.

சனி, 15 நவம்பர்

வெயில். பால், பிரெட், ரகுவின் இரத்த அழுத்த மாத்திரை வாங்க வேண்டும்.

பதினொரு மணிக்குப் போனேன். அம்மாவும் தினேஷும் மட்டும். நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் வேறு பேச்சு பேசிவிடுவேன் என்று தோன்றியது. பிரிவில் நான் இல்லை. பயந்து கிளம்பிப் போய்விட்டேன். இரண்டு வண்டி வர வேண்டும் என்று தெரிந்தே போனேன். கேட்டபோது பின்னால் வருகிறார் என்றேன். அதனால்தான் நாற்பது நிமிடம் யாரும் தேடவில்லை.

பக்கத்துக் கட்டிலில் யாருடைய போனோ அடித்து நின்றது.

முதலில் தினேஷ்தான். "ஆளே நிக்கலையா?"

"இல்லை."

"அப்ப நேரா போனது ரூல்படிதானே." சிரிக்கப் பார்த்தான், தோள் வலித்து முகம் சுளித்தான். "அம்மா, நான் ரூல்படிதான் போயிருக்கேன்." அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை.

அம்மா கத்துவார் என்று நினைத்திருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டார். "வேகமா போலயா அவன்?"

இருபது நிமிடம் மஞ்சுநாத்தோடு நின்றது, பனி, தெரியாத சாலை, தடுப்பு வைக்காத பள்ளம் எல்லாம் சொன்னேன். வேகத்தை நான் பார்க்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வழி தவறியது அவனால் இல்லை என்றேன்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க."

சொன்னேன். அவர் தன் போனை எடுத்து எண்ணைப் போட்டு என்னிடம் நீட்டினார். "எங்க வீட்டுக்காரர். நான் சொன்னா, புள்ளைக்கு வக்காலத்துன்னுவாரு. நீங்க சொல்லுங்க."

இதற்கு நான் தயாராய் வரவில்லை. டிப்போவின் இரைச்சலுக்கு நடுவே ஒரு கட்டைக் குரல், யாரு என்றது. பெயர் சொன்னேன். மூன்றாவது முறையாக முழுவதும் சொன்னேன். முடித்ததும் கேட்டார்.

"போர்டு எதுவும் இல்லையா அங்க?"

"இல்லைங்க."

"அதுக்குத்தான் உங்களை நிறுத்தினது."

"ஆமாம்."

"உங்களுக்கு என்ன வயசும்மா?"

"நாற்பத்தெட்டு."

ஏதோ ஒரு பஸ் ரிவர்ஸ் எடுக்கும் விசில். பிறகு, "அவன்கிட்ட குடுங்க."

போனை அவன் நல்ல பக்கக் காதில் வைத்தார் அம்மா. எட்டு மாதத்துக்குப் பின் அந்த மனிதர் என்ன கேட்டார் என்று எனக்குக் கேட்கவில்லை. தினேஷ் சொன்னது மட்டும் கேட்டது. "ம். சாப்ட்டேன்பா. இட்லி."

வெளியே வந்தேன். யாரும் இரு என்று சொல்லவில்லை.

மூர்த்திக்கு போன் செய்து, ஆறு மணிக்கு, குழு கூடும் காப்பிக் கடையில் பார்க்க வேண்டும் என்றேன். மஞ்சுநாத்தையும் வரச் சொல்லுங்கள் என்றேன், அவர்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர். என்ன மேடம், குரல் ஒரு மாதிரி இருக்கே என்றார் மூர்த்தி. நேரில் என்றேன்.

இப்போது ஐந்து பத்து. ரகு ஆட்டோவில் போ, நானும் வருகிறேன் என்கிறார். வேண்டாம். ஞாயிற்றுக்குப் பிறகு வண்டியைத் தொடவில்லை, சாவி ஆணியிலேயே தொங்குகிறது. வண்டியில்தான் போகிறேன். மாத்திரை வாங்கவில்லை.