நடுவில் முள்வேலி போட்ட மனை

ஜூலை 1, செவ்வாய்

காலையிலேயே வெயில். கம்பெனிக்கு லீவு. உத்திரமேரூரில் பிளான் போடும் இன்ஜினியரைப் பார்த்தேன். வரும் வழியில் உளுந்து, சோப்பு.

மனைப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா, இது மனையா சந்தா? ரெண்டு பக்கமும் இடம் வுடணும், முன்னாலயும் பின்னாலயும் வுடணும். மிச்சத்துல கட்டில்தான் போடலாம்."

"அப்போ மேல ரெண்டு மாடி ஏத்திக்கிறேன் சார்."

"இத்தினி மனைக்கு இத்தினிதான் கட்டலாம்னு அதுக்கும் கணக்கு கீது."

பிளான் பாஸ் ஆகாமல் பேங்க் லோன் இல்லை. லோன் இல்லாமல் வீடு இல்லை. இந்த ஒழுகல் கொட்டகையில் இன்னொரு மழைக்காலம் இருக்க மாட்டேன். மாட்டவே மாட்டேன்.

ஜூலை 2, புதன்

மனையில் போய் நின்றேன். வயிற்றெரிச்சல். பிள்ளைகள் விற்றுவிடுவார்கள் என்று மாமியார் மருமகள்கள் பேரில்தான் எழுதிவைத்தார். எனக்குப் பாதி, ஓரகத்தி தனத்துக்குப் பாதி. பிரித்துக் கோடு போட்டது மட்டும் எங்கள் வீட்டுக்காரர்கள், அண்ணனும் தம்பியும். இரண்டு பேருக்குமே தெருவாசல் வேண்டுமாம், பின்பாகம் எடுத்தால் கௌரவக் குறைச்சலாம். வேட்டியைக் கிழிப்பது போல் நீளவாக்கில் கிழித்து, நடுவில் முள்வேலி. அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

இவர்: "வித்துட்டு ஓரிக்கை பக்கம் வாடகைக்குப் பூடலாம்."

"நீங்க போங்க" என்றேன். ரசத்தில் உப்பு அதிகம். அப்படியே சாப்பிட்டு எழுந்தார்.

ஜூலை 4, வெள்ளி

மறுபடி இன்ஜினியர். இரண்டு பாகத்தையும் ஒரே மனையாகக் காட்டினால் பாஸ் ஆகுமாம். நடுச்சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது, நடுவில் இடம் விட வேண்டாம். மனைக்காரர்கள் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். வேலி இருக்கக் கூடாது.

ஜூலை 5, சனி

கம்பெனி வேனில் தனம் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எல்லாம் சொன்னேன்.

"அவரு என்னைக் கொன்னே பூடுவாரு அக்கா."

மானாம்பதி தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள். "எங்க கூரையும்தான் ஒழுவுது. கடப்பாரை உங்க வூட்ல கீதா?"

அழுகை வந்தது. வேனில் எல்லாரும் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

ஜூலை 6, ஞாயிறு

மேகமூட்டம், வேலைக்கு நல்லது. முள் கிழித்துக் கையெல்லாம் ரத்தம். தனமும் நானும் வேலியில் பாதி பிடுங்கும்போது கொழுந்தன் ஓடிவந்தார். "யாரக் கேட்டு வேலில கை வெக்கிறீங்க?"

தனம் நிமிரவேயில்லை. "பத்திரத்துல யார் பேரு கீதுன்னு படிச்சுட்டு வாய்யா."

சத்தம் கேட்டு இவரும் வந்தார். கடைசிக் கல்தூண் அசையவில்லை. "ஒரு கை புடிங்க" என்றேன், இருவரையும் பார்த்து. நின்ற இடத்தை விட்டு இரண்டு பேரும் நகரவில்லை. நானும் தனமுமே ஆட்டி ஆட்டிப் பிடுங்கிப் போட்டோம்.