எக்ஸ் இல்லாத விடை

மார்ச் 4, 1974. திங்கள்

காலையிலேயே புழுக்கம். ரயிலைப் பொன்னேரியில் நிறுத்திப் போட்டுவிட்டான். கும்மிடிப்பூண்டி வந்து சேர்வதற்குள் முதல் மணி அடித்தாயிற்று. சாக்பீஸ் காலி. கிளார்க்கிடம் கேட்டால், "போன வாரம்தானே டீச்சர் குடுத்தேன்?" தின்கிறேனா நான்?

ஒன்பதாம் வகுப்பு. முக்கோணத்தைத் தலைகீழாக வரைந்து, பீக்யூஆர் என்று பெயர் போட்டு, போன வாரத் தேற்றத்தையே நிரூபிக்கச் சொன்னேன். எல்லோரும் நோட்டைப் புரட்டினார்கள். கடைசியில் ஒருவன் எழுந்தான். "டீச்சர், படம் கவுந்துக்கினு கீது. நேரா போடுங்க, சொல்றேன்." நேராகப் போட்டேன். மூச்சு விடாமல் ஒப்பித்தான், ஏபிசி என்றே. பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கக்கூட இல்லை.

வாங்க: மண்ணெண்ணெய், தலைவலித் தைலம், குடைக்கு ஒரு கம்பி.

மார்ச் 6. புதன்

பவானி. அதே ஒன்பதாம் வகுப்பு, ஏரிக்கரைக் குப்பத்துப் பெண். பஸ்ஸில் வருகிறாள், பாதி நாள் தாமதம்.

இன்று வயதுக் கணக்கு. அப்பாவுக்கு நாற்பது, பிள்ளைக்குப் பத்து. எத்தனை வருடத்தில் அப்பா வயது பிள்ளை வயதைப்போல் இரண்டு மடங்காகும்? எல்லோரும் எக்ஸ் போட்டார்கள். போட்டுவிட்டு அடுத்த வரி மறந்து விழித்தார்கள். இவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டப் போனேன்.

"ரெண்டு பேருக்கும் நடுவுல முப்பது வருசம் டீச்சர். அது என்னிக்கும் மாறாது. புள்ளைக்கி முப்பது ஆவறப்போ அப்பனுக்கு அறுபது. இன்னும் இருபது வருசம்."

நான் சொல்லிக் கொடுத்த வழியே இல்லை. 'ஏன்?', 'வேறு எப்படி?' என்று வருடம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தியது ஒருத்தி காதிலாவது விழுந்திருக்கிறது. ரயிலில் தனியாகச் சிரித்தேன். எதிர் சீட்டு அம்மாள் ஒரு மாதிரி பார்த்தாள்.

மார்ச் 8. வெள்ளி

பவானியின் அப்பா வந்திருந்தார். பத்தாம் வகுப்பில் கணக்கு இரண்டு வகை. காம்போசிட் படித்தால்தான் பிறகு காலேஜில் சயின்ஸ். ஜெனரல் என்றால் அந்த வழி அடைப்பு. திங்கட்கிழமைத் தேர்வை வைத்துப் பிரிக்கப்போகிறார்கள். குப்பத்துப் பிள்ளைகளுக்கு ஜெனரல் என்று தேர்வுக்கு முன்பே ஸ்டாஃப் ரூமில் பேச்சு.

"பெரிய கணக்கு கெடைச்சா படிக்கட்டும்மா, நான் தடுக்கல. இல்லாங்காட்டி இட்டுக்கினு போயிடறேன். அத்தை ஊட்ல மாப்ள ரெடியா கீறான்."

பதினாலு வயது. பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். "கண்டிப்பா கெடைக்கும்" என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன்?

மார்ச் 12. செவ்வாய்

ஃபெயில். இருபத்தெட்டு.

சீனியர் கணக்கு ஆசிரியர் வேதாசலம் சார் திருத்தியது. வயதுக் கணக்கு வந்திருந்தது, வேறு எண்களோடு. பவானி தன் வழியில் நாலு வரி எழுதியிருக்கிறாள். விடை சரி. மார்க் பூஜ்யம். ஓரத்தில் 'எக்ஸ் எங்கே?' இப்படியே இன்னும் மூன்று கணக்கு.

"விடை சரியா இருக்கே சார்."

"ஸ்டெப் இல்லையேம்மா."

"யோசிச்சிருக்கா சார்."

"நான் இல்லேங்கலையே. பப்ளிக் பரீட்சையில எவனோ ஒருத்தன் திருத்துவான். எக்ஸைக் காணோம்னா காப்பி அடிச்சதுன்னு அடிச்சிட்டுப் போவான். அப்ப நீங்க மார்க் போடுவீங்களா?"

அவர் சொல்வதும் பொய்யில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். ஹெச்.எம். காலில் விழாத குறை. வியாழன் அன்று மறுபடி எழுதட்டும் என்றார். "ஸ்டெப்போட. ஒங்க மூஞ்சிக்காகத்தான்."



மார்ச் 13. புதன்

ஒரே நாள். மதியம் முழுக்க பவானியோடு. நீ மனசில் நினைத்ததைத்தான் எக்ஸ் என்று எழுதுகிறோம் என்று விதவிதமாகச் சொன்னேன்.

"அதான் வெடை தெரிஞ்சிபூட்ச்சே டீச்சர். எக்ஸு இன்னாத்துக்கு?"

நல்ல கேள்வி. பொறுமையாகப் பதில் சொல்ல ஒரு மாதமாவது வேண்டும். அவள் பஸ்ஸுக்கு அரை மணிதான் இருந்தது.

மாதிரிக் கணக்குகளை வரிவரியாக எழுதிக் கொடுத்தேன். இந்த மாதிரி வந்தால் இது, அந்த மாதிரி வந்தால் அது. எண்ணை மட்டும் மாற்று. அவள் "ஏன் டீச்சர் இங்க கழிக்கணும்?" என்று ஆரம்பித்தாள்.

"யோசிக்காதே. அப்படியே எழுது." என் வாயால் சொன்னேன். கத்தினேன். அவள் பயந்துபோய் எழுதினாள்.

என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் 15. வெள்ளி

எண்பத்தாறு. காம்போசிட் கிடைத்துவிட்டது. வேதாசலம் சார் தேடி வந்து, "பாத்தீங்களா, புத்திசாலிப் பொண்ணு" என்றார். ஹெச்.எம். டீ வாங்கிக் கொடுத்தார். ஆறிப்போன டீ.

அவள் அப்பா அன்றைய வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தார். பனை ஓலைக் கூடையில் இறால். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. "மாப்ள கதையெல்லாம் வுட்டுட்டேன்மா. இனிமே அவ இஸ்டம்." இதற்குத்தானே இத்தனையும். சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒரு நிமிஷம்.

பவானி மூச்சிரைக்க ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்க சொன்னாப்லயே பண்ணேன் டீச்சர். யோசிக்கவே இல்ல. இம்மா சுளுவா? பத்தாங்கிளாஸ் கணக்கையும் இப்பவே எழுதிக் குடுத்துடுங்க டீச்சர். லீவுல மனப்பாடம் பண்ணிக்கினு வந்துடறேன்."

அப்பா கையெடுத்துக் கும்பிட்டபடி நிற்கிறார்.

எழுதிக் கொடுத்தேன்.