டாக்குரியா பாலமும் ஐந்து பேரும்

12 ஜனவரி 2007, வெள்ளி

ஏறிவிட்டது! என் பேட்டரி ஆட்டோ இன்று ஐந்து பயணிகளுடன் டாக்குரியா பாலத்தில் ஏறிவிட்டது.

போன மாதம் இதே பாலத்தின் பாதியில் நின்றுபோய், எல்லோரும் இறங்கித் தள்ளினோம். தப்பு என்னுடையதுதான். மூன்று பயணிகளுக்குக் கணக்குப் போட்டு வடிவமைத்திருந்தேன். இந்த வங்காளத்து ஷேர் ஆட்டோவில் பின்னால் மூன்று பேர், டிரைவருக்கு இரு பக்கமும் ஒவ்வொருவர். ஆறு வருடமாக அப்படித் தொற்றிக்கொண்டு சால்ட் லேக் ஆபீஸுக்குப் போகிற எனக்கே அது உறைக்கவில்லை.

“மூணு பேர் மட்டும்னு போர்டு மாட்டிடலாமே” என்றார் மேனேஜர். முடியாது என்றேன். ஏற்றத்தில் கூடுதல் பாரம் இழுக்கும்படி மோட்டாரின் பல்சக்கரங்களை மாற்றினேன்.

இன்று அவரையே முன்னால் அரை சீட்டில் உட்கார வைத்தேன். மறுபக்கம் நான். பின்னால் ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர். ஆனாலும் டிரைவர் ஹராதன்தா வண்டியை எடுக்கவில்லை.

“தீதி, ஆரோ ஏக்ஜோன்!”

அக்கா, இன்னும் ஒருவர் என்கிறார். ஐந்து பேர் சேராமல் எடுத்துப் பழக்கமில்லையாம். மீன் பையோடு போன ஒரு பருத்த மனிதரைக் கூவி அழைத்துப் பின்னால் ஏற்றிக்கொண்டார்.

பாலம் வந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தமே இல்லை. நின்றுவிட்டது என்றே நினைத்தேன். திறந்து பார்த்தால் உச்சியில் இருக்கிறோம்! மேனேஜர் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பாலத்தைவிட்டு இறங்கி வண்டி ஸ்டேஷன் பக்கம் நின்றபோது பின்னால் மீன் பைக்காரர் கொட்டாவி விட்டார். ஹராதன்தாவிடம் வங்காள மொழியில் கேட்டார்:

“பாலம் இன்னும் வரலையா?”