சங்கக் கணினியை இந்தியாவிலேயே இருக்கச் செய்யக் கோரி

அனுப்புநர்:
சங்க நடப்பை நேரில் அறிந்த ஒருவர்,
காலடிப்பேட்டை, திருவொற்றியூர்,
சென்னை – 19.

பெறுநர்:
உயர்திரு உதவி இயக்குநர் அவர்கள்,
மீன்வளத் துறை,
சென்னை.

பொருள்: செம்மணல்குப்பம் மீனவர் கூட்டுறவுச் சங்கக் கணினியின் நாட்டு அமைப்பை ‘இந்தியா’ என நிலைப்படுத்தவும், உறுப்பினர் குடும்பங்களின் பிறந்த தேதிகளைத் திருத்தவும் உத்தரவு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இதுவரை வாய்மூடி இருந்தது போதும் என்று முடிவு செய்து இம்மனுவை எழுதுகிறேன்.

1. நான் மேற்படி சங்கத்தில் எழுத்தராகப் பணிபுரிகிறேன். எம்.காம். முடித்தவன், கணினியில் பட்டயமும் உண்டு. சங்கத்துக்குக் கணினி வந்தபோது அதன் முன் அமரும் வேலை எனக்குத் தரப்படவில்லை. செயலாளர் திரு. அம்புரோஸ் தம் மைத்துனர் திரு. சாலமனை அங்கே அமர்த்தினார். எனக்குத் தபால்களில் முத்திரை குத்தும் வேலை. என் நாற்காலி கழிவறைக் கதவோரம் போடப்பட்டது. செயலாளரின் புதுமனை விருந்துக்கு அலுவலகத்தில் என்னைத் தவிர அனைவருக்கும் அழைப்பு போயிற்று. இவை இம்மனுவின் பொருள் அல்ல. ஆயினும் பதிவு செய்கிறேன்.

2. அந்தக் கணினி வந்த நாள் முதல் ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ என்ற அமைப்பிலேயே இயங்கியது. அமெரிக்கர்கள் மாதத்தை முதலிலும் நாளை அடுத்தும் எழுதுபவர்கள். நாம் நாளை முதலில் எழுதுகிறோம். எனவே நாம் தட்டும் முதல் எண்ணை அது மாதமாக எடுத்துக்கொள்ளும். பதின்மூன்றாவது மாதம் உலகில் இல்லாததால், பன்னிரண்டுக்கு மேற்பட்ட நாளைத் தட்டினால் ஏற்க மறுக்கும். இதை முதல் வாரமே எழுத்துமூலம் தெரிவித்தேன். “எம்.காம். சொல்லிடுச்சிபா, எல்லாரும் கேட்டுக்கோங்க” என்று செயலாளர் சொல்ல, அலுவலகமே சிரித்தது. அதன் பிறகு நான் பேசவில்லை.

3. திரு. சாலமன் இதற்குத் தாமாக ஒரு வழி கண்டார். பன்னிரண்டுக்கு மேல் எந்தத் தேதியில் பிறந்தவருக்கும் பன்னிரண்டு என்றே போட்டுவிடுவார். கேட்பவர்களுக்கு அவர் தந்த விளக்கம்: “அதுக்கு மேல பொட்டி வாங்காது நைனா. எல்லாருக்கும் பன்னெண்டுதான், உனக்கு மட்டும் இன்னா தனியா?” அந்தப் பன்னிரண்டையும் கணினி டிசம்பர் என்றும், அடுத்துத் தட்டும் மாத எண்ணை நாள் என்றும் புரிந்துகொண்டது. இவ்வாறு எங்கள் குப்பத்தில் பாதிப் பேர் டிசம்பர் மாத முதல் பன்னிரண்டு நாட்களுக்குள் பிறந்தவர்கள் ஆனார்கள். சங்கத்திலிருந்து கைபேசிக்குத் தானாகப் போகும் பிறந்தநாள் வாழ்த்து அந்த நாட்களில் தெருத் தெருவாக ஒலிக்கும். ஒரே நாளில் தமக்கும் மாமியாருக்கும் வாழ்த்து வந்த மருமகள்கள் உண்டு. ஊர் இதை வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டது.

4. இவ்வாண்டு அது வேடிக்கையாக இல்லை. விசைப்படகுத் தொழிலாளி திரு. ரகுபதியின் மகள் செல்வி நர்மதா, பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்று, மீனவர் குழந்தைகளுக்கான ஒதுக்கீட்டில் கல்லூரி இடத்துக்கு விண்ணப்பித்தார். பிறந்தது ஜூலை 23. சங்கம் அளித்த சான்றிதழிலோ டிசம்பர் 7. பள்ளிச் சான்றுடன் பொருந்தவில்லை என்று கல்லூரி அதைத் திருப்பிவிட்டது. கலந்தாய்வுக்கு முன் திருத்திய சான்றிதழ் வராவிட்டால் இடம் போய்விடும் நிலை. பெற்றோரும் மகளும் செயலாளரிடம் மும்முறை சென்றனர். “கம்ப்யூட்டர்ல இன்னா கீதோ அதான் குடுக்க முடியும்” என்பதே பதில்.

5. நான்காம் முறை அவர்கள் வந்தபோது செயலாளர் ஐஸ் ஆலைத் திறப்பு விழாவுக்கும், திரு. சாலமன் அவருடைய வண்டியை ஓட்டவும் சென்றிருந்தனர். நான் எழுந்து சென்று அந்த நாற்காலியில் அமர்ந்தேன். கன்ட்ரோல் பேனலைத் திறந்து, ‘ரீஜன்’ என்ற பகுதியில் யுனைடெட் ஸ்டேட்ஸை நீக்கி இந்தியாவைத் தேர்ந்தெடுத்தேன். அவ்வளவுதான் வேலை. 23 என்று தட்டினேன், எடுத்துக்கொண்டது. ஜூலை என்று அச்சானது. ஐயா, பல ஆண்டுகளாக “வாங்காது” என்று சொல்லப்பட்டதை அந்தப் பெட்டி முணுமுணுப்பின்றி வாங்கிக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன்.

6. செயலாளர் திரும்பி வந்து கையொப்பமிட மறுத்தார். அதற்குள் செய்தி பரவி, மீன் கூடைகளுடன் பெண்கள் வாசலை அடைத்து நின்றுவிட்டனர். நர்மதாவின் தாயார் திருமதி கன்னியம்மா கூறியதை மாற்றாமல் தருகிறேன்: “இன்னா செகரட்ரி சார், ஆடி மாசம் கூழு ஊத்த சொல்ல வலி எடுத்து பெத்த புள்ள இது. நீ இன்னாடான்னா டிசம்பர் மழைல பெத்தேன்னு சொல்லிகினு கீற. பெத்தது நானா, உன் பொட்டியா?” செயலாளர் கையொப்பமிட்டார். முத்திரையை நானே குத்தினேன். வாழ்நாளில் அத்தனை அழுத்தமாக ஒரு முத்திரை குத்தியதில்லை. செல்வி நர்மதாவுக்கு இடம் கிடைத்தது. இப்போது கல்லூரி விடுதியில் இருக்கிறார். மறுநாளே தத்தம் உண்மையான பிறந்தநாளைக் கேட்டு மக்கள் வரிசையில் நின்றனர். அந்த வரிசை என் நாற்காலியை நோக்கி நின்றது.

7. இந்த வெற்றி பொறுக்காமல், அனுமதியின்றிக் கணினியைக் கையாண்டதாகச் செயலாளர் எனக்குக் குறிப்பாணை அளித்துள்ளார். அமைப்பை மாற்றியதும் பழைய தேதிகள் இடம் மாறித் தெரிந்ததால், நான் அனைத்தையும் கெடுத்துவிட்டேன் என்பது அவர் வாதம். முதலிலிருந்தே கணினி அவற்றைத் தவறாகத்தான் புரிந்து வைத்திருந்தது. இப்போதுதான் அது வெளியே தெரிகிறது. அவரோ கணினியை மீண்டும் அமெரிக்காவுக்கு மாற்றி, கடவுச்சொல்லும் போட்டுப் பூட்டிவிட்டார். நர்மதாவின் பின்னால் வரிசையில் நின்றவர்களின் பிள்ளைகளுக்கு அடுத்த ஆண்டு இதே கதி நேரும்.

8. எனவே தாங்கள் அருள்கூர்ந்து நேரில் ஆய்வு செய்து, கணினியை இந்திய அமைப்பில் நிலைநிறுத்தவும், பள்ளிச் சான்றுகளின்படி ஒவ்வொருவரின் பிறந்த தேதியையும் திருத்தவும், மேற்படி குறிப்பாணையை விலக்கவும் ஆணையிடுமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்.

இடம்: திருவொற்றியூர்
நாள்: 22 செப்டம்பர் 2025

இப்படிக்கு,

பின்குறிப்பு: கையொப்பத்துக்கு விட்ட இடத்தைக் காலியாகவே வைத்து இதைத் தபாலில் சேர்க்கிறேன். அச்சத்தால் அல்ல, முதல் பத்தியைப் படித்ததும் எழுதியது யாரென்று திரு. அம்புரோஸ் அறிவார். அறியட்டும். ஆனால் பெயர் இருந்தால் இது இரு ஊழியர்களின் சண்டை என்று கோப்பு கட்டப்பட்டு, விசாரணை என்னிடமே தொடங்கி என்னிடமே முடியும். பெயர் இல்லாவிட்டால் தாங்கள் விசாரிக்க அங்கே கணினி ஒன்றுதான் இருக்கும். ஒரு தேதியைத் தட்டிப் பாருங்கள் ஐயா. அது பொய் சொல்லாது.