சட்டைப்பைக்குள் போன பிளக்

உன் பந்தய வண்டியின் எஞ்சின் அன்று வற்றிய ஏரிக்குள் இறுகி நின்றது, நீ பெட்ரோலில் ஆயில் கலக்க மறந்ததால் அல்ல. பெட்ரோலை அளந்து விட நான் போட்ட ஜெட் சின்னது. அது எனக்கு அன்றே தெரியும், நீ மண்ணில் கிடந்தபோதே தெரியும். தெரிந்தும், கூடி நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "ஆயில் ஊத்தாம வண்டிய எடுத்துட்டாம்ப்பா" என்று சொன்னவன் நான்தான்.

இதை நீ இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இப்போதும் நானாக எழுத உட்காரவில்லை. ஒரு பல் டாக்டர் உட்கார வைத்திருக்கிறார்.

திருச்செங்கோட்டில் பல் பிடுங்குகிறவர். அவருக்கு நம் காலத்து டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் மேல் பைத்தியம். அவரைப் போல இன்னும் சிலர் சேர்ந்து, தை மாதத்தில் தண்ணீர் வற்றிய ஏரிக்குள் பழைய வண்டிகளை மண்ணில் ஓட்டிப் பந்தயம் வைக்கிறார்கள். நாம் ஓட்டிய அதே ஏரி. போன வாரம் ஒரு எஞ்சினைக் கொண்டுவந்து என் பட்டறை பெஞ்சில் வைத்தார். வைத்துவிட்டு, போனில் ஒரு படத்தைக் காட்டினார். பெட்ரோலில் ஆயில் கலக்கிற மேசைக்கு மேலே ஒரு பலகை. அதில் உன் பெயர். அதற்குக் கீழே, 'இவரைப் போல மறந்துவிடாதீர்கள்'.

"சும்மா தமாசுக்குங்க ஐயா. கலக்கறதுக்கு முன்னால எல்லாரும் அவரு பேரை ஒருக்கா சொல்லிக்குவோம். நெசமாலுமே அப்படி ஒருத்தரு இருந்தாருங்களா?"

"இருந்தாரு."

"நல்லா ஓட்டுவாருங்களா?"

"ஓட்டுவாரு."

அவர் போன பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, பின்னால் கிடந்த பீடிக்கட்டுத் தாளைப் பிரித்தேன். உன் வண்டியின் பிளக். முனையில் இருக்கிற பீங்கான் இன்னும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துத்தான் இருக்கிறது. இத்தனை வருடத்தில் அது நிறம் மாறிவிடும் என்று எனக்கு ஒரு நப்பாசை இருந்தது.

சேலத்தில் பழைய இரும்புக் கடைக்கு நாம் எஞ்சின் எடுக்கப் போனது நினைவிருக்கிறதா? நீ ரிக் வண்டியோடு மூன்று மாதம் வடக்கே ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டு ஊர் திரும்பியிருந்தாய். உடம்பெல்லாம் இன்னும் கல்மாவு ஒட்டியிருந்த மாதிரி இருந்தாய். கடையில் மூன்று எஞ்சின்கள் கிடந்தன. நான் பளபளப்பான ஒன்றைக் காட்டினேன். சிலிண்டரில் கோடு இல்லை, பிஸ்டனில் ஆட்டம் இல்லை. நீ அதைக் கையில்கூட எடுக்கவில்லை. புகை போகிற வாயை ரப்பர் வைத்து அடைத்தாய். பிஸ்டனைக் கீழே இறக்கினாய். ஒரு பீடியைப் பற்றவைத்து இழுத்து, பெட்ரோல் வருகிற வாயில் உதட்டை வைத்துப் புகையை ஊதினாய். கடைக்காரர், "ஏப்பா, எஞ்சினுக்கு முத்தங் குடுக்கறயா?" என்று சிரித்தார். நீ சிரிக்கவில்லை. கிராங்க் ஓரத்தில் நூல் மாதிரி புகை கசிவதைக் காட்டினாய்.

"பாத்தீங்களாங்ணா, சீல் போயிருக்குது. டூ-ஸ்ட்ரோக்குக்கு அடிவயிறு இறுக்கமா இருக்கோணும். மேல எவ்வளவு மினுக்குனாலும் அடியில காத்து திருடுனா அது ஓடாதுங்."

மூன்றாவது எஞ்சின் துருவேறி அழுக்காகக் கிடந்தது. அதில்தான் புகை உள்ளேயே நின்றது. அதைத்தான் எடுத்தோம். வருகிற வழியில், "இதை எவன் சொல்லிக் குடுத்தான் உனக்கு?" என்று கேட்டேன். "யாருஞ் சொல்லலீங். ரிக்குல ஹோஸ் பைப்பு ஓட்டை தேடற மாதிரிதானுங்" என்றாய். எட்டாம் வகுப்பைத் தாண்டாத நான், யாரிடமும் கைகட்டி நிற்காமல் தொழில் கற்றவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீயும் அப்படித்தான் கற்றிருந்தாய். வித்தியாசம், நீ அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. அன்றைக்கே உன் மேல் எனக்கு லேசாக ஒரு காந்தல் இருந்தது. இதையும் எழுதிவிடுகிறேன்.

பிறகு அந்த எஞ்சின் என் கையில் இரண்டு மாதம் இருந்தது. சிலிண்டரின் வாய்களை அரம் போட்டு அகட்டினேன், உயர்த்தினேன். ஹெட்டைத் தேய்த்தேன். சைலன்சரை வெட்டி, வயிறு பெருத்த குழாயாக ஒட்டவைத்தேன். கடைசியில் ஜெட். கார்பரேட்டருக்குள் பெட்ரோல் போகிற அந்தச் சின்னப் பித்தளைத் திருகில் எவ்வளவு பெரிய ஓட்டை இருக்க வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஓட்டை பெரிதானால் வண்டி புகைந்து மந்தமாகும். சிறிதானால் வேகம் பறக்கும், ஆனால் பெட்ரோல் போதாமல் எஞ்சின் உள்ளுக்குள்ளே வெந்துபோகும். என்னிடம் வரிசையாக ஜெட்டுகள் இருந்தன. அரத்தால் தலையில் கோடு போட்டு வைத்திருப்பேன். கோடு கூடினால் ஓட்டை பெரிது. உன் வண்டிக்கு மூன்று கோடு போட்டேன். தினமும் மத்தியானம் சாப்பாடு முடித்து, வாய்க்கால் ரோட்டில் முழு வேகத்தில் ஓட்டி, அப்படியே அணைத்து நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். காப்பி நிறம். அதற்கு மேல் சரியாக ஒரு பிளக் இருக்க முடியாது. காலையில் பட்டறைக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள், எனக்கு மத்தியானம்தான் ஒழியும். அதனால் ஒரு நாள்கூடக் காலையில் ஓட்டிப் பார்க்கவில்லை.

பந்தயம் காலை ஏழு மணிக்கு.

ஏரிக்குள் அன்று எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை, அப்படி ஒரு பனி. நீ ஐந்து லிட்டர் கேனில் பெட்ரோல் வாங்கி வந்து, துணிப்பையிலிருந்து அந்த டம்ளரை எடுத்தாய். உன் கல்யாணத்துக்கு வந்த சில்வர் டம்ளர், உன் மனைவியின் பெயர் வெட்டியது. கேனுக்கு ஒரு டம்ளர் ஆயில். விளிம்பு வரை ஊற்றி, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து, கேனில் கவிழ்த்தாய். மூடியை இறுக்கி, குழந்தையைத் தாலாட்டுகிற மாதிரி கேனை ஆட்டினாய். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "டம்ளரை ஊட்டுல தேட மாட்டாளா?" என்று கேட்டேன். "தேடுவாளுங். ஜெயிச்சுட்டு வந்தா கேக்க மாட்டாளுங்" என்றாய். ஆகவே நீ ஆயில் கலந்தாயா என்ற கேள்விக்கே இடமில்லை. கண்ணால் பார்த்தவன் நான்.

பிறகு மூச்சை வெளியே விட்டு, அந்த ஆவியைப் பார்த்துவிட்டுச் சொன்னாய்:

"ஏனுங்ணா, ஒரு கோடு ஏத்திப் போட்ருங்களேன்."

"எதுக்கு?"

"ரிக்கு கம்ப்ரசர்ல பாத்திருக்கறனுங். பனியில காத்து கனமா இருக்குது, மத்தியானத்தவிட மிஷினு வேற மாதிரி இழுக்கும். காத்து சேந்தா பெட்ரோலும் சேரோணுமில்லீங்."

அப்போது நமக்குப் பக்கத்தில் எஞ்சினியரிங் காலேஜ் வாத்தியார்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். சற்று முன்புதான் அவர்களில் ஒருவர், சிலிண்டர் வாயை எந்தக் கணக்கில் உயர்த்தினீர்கள் என்று என்னிடம் கேட்டிருந்தார். விரலுக்குத் தெரியும் என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை நான் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறேன். அவர்கள் காது கேட்க நீ என்னைத் திருத்தியது எனக்குப் பொறுக்கவில்லை.

"நீ குழி போடறவன், குழியப் பாரு. எஞ்சினை நான் பாத்துக்கறேன்."

"உங்க தலைக்கும் ஒரு சைலன்சர் வெக்கோணும்ங்ணா, ஆவி வெளிய போறதுக்கு" என்று சிரித்தபடி ஏறி உட்கார்ந்தாய். என் கால்சட்டைப் பையில்தான் நான்கு கோடு ஜெட் இருந்தது. மாற்ற ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

மூன்றாவது சுற்றில், கரையை ஒட்டிய நீளமான நேர்ப்பாதையில், சத்தம் மாறியது. புகையில்லாமல், கம்பி இழுத்த மாதிரி ஒரு சத்தம். வேகம் கூடுகிறது என்று கூட்டம் கத்தியது. அது பெட்ரோல் போதாத சத்தம் என்று எனக்குத் தெரிந்தது. மறு நொடி பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் அப்படியே பூட்டி நின்றது. நீ மட்டும் முன்னால் பறந்து மண்ணில் விழுந்தாய்.

எல்லோரும் உன்னிடம் ஓடினார்கள். நான் வண்டியிடம் ஓடினேன். ஸ்பேனரைப் போட்டுக் கொதிக்கிற பிளக்கைக் கழற்றினேன். வெள்ளை. பெட்ரோல் போதவில்லை என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. அந்த வாத்தியார்கள் வந்துகொண்டிருந்தார்கள். பிளக்கைச் சட்டைப்பைக்குள் போட்டேன். துணியைத் தாண்டி நெஞ்சைச் சுட்டது. "என்னாச்சுங்க?" என்று கேட்டார்கள். அப்போதுதான், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, அந்த ஆயில் கதையைச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக் கட்டோடு படுத்திருந்த நீ ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "பிளக்கு எங்கீங்ணா?"

"மண்ணுல எங்கியோ உழுந்துருச்சு சாமி."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். "செரிங்ணா" என்று கண்ணை மூடிக்கொண்டாய்.

நான் சொன்ன ஒரு வரி ஏரிக்கரையோடு நின்றிருந்தால்கூட இவ்வளவு வலிக்காது. அது உன் ரிக் முதலாளி காதுக்குப் போனது. நீ அதுவரை கம்ப்ரசர் ஆபரேட்டர். அந்த வேலையில் காலையில் எழுந்ததும் முதல் காரியம் ஆயில் மட்டம் பார்ப்பது. "சொந்த வண்டிக்கே ஆயில் பாக்காதவன் கையில லட்சக்கணக்கான மிஷினை எப்படிக் குடுக்கறது?" என்று அவர் உன்னை ராடு தூக்குகிற வேலைக்கு மாற்றினார். கட்டுப் பிரித்த மணிக்கட்டோடு நீ இரும்பு ராடு தூக்கினாய். எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை போய்ச் சொல்லியிருந்தால் போதும். 'வேலை என்றால் இறங்கும், ஏறும்' என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

நீ என் பட்டறைக்கு வருவதை நிறுத்தியிருந்தால் நான் உன்னைப் பகைத்துத் தப்பித்திருப்பேன். நீ நிறுத்தவில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் வந்தாய், பழைய டயர் மேல் உட்கார்ந்தாய், மழை, ரிக், பிள்ளை படிப்பு எல்லாம் பேசினாய். ஒரு தடவை உன் மொபெட்டைக் கொண்டுவந்தாய். நீயே பிளக்கைக் கழற்றித் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தாய்.

"நெறம் எப்படி இருக்குதுங்ணா?"

"நல்லாருக்குது."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்."

"நல்லாத்தானப்பா இருக்குது."

திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டு போய்விட்டாய். நான் உண்மையைச் சொல்வதற்காக நீ கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாய், நான் உள்ளே வரவில்லை.

இதை எழுதும்போதும் எனக்குள் ஒருவன் வாதாடுகிறான். மத்தியான வெயிலில் அந்த ஜெட் சரி, யாரை வேண்டுமானாலும் கூட்டிவா, நிரூபிக்கிறேன் என்கிறான். சரிதான். பந்தயம் மத்தியானம் நடக்கவில்லை. அந்த வாத்தியார்கள் என்னை ஏளனமாகப் பார்த்ததும் நிஜம்தான். அதற்கு நீ என்ன செய்தாய்?

உன் பதினாறாம் நாளுக்குப் பள்ளிபாளையத்தில் உன் மகள் வீட்டுக்கு வந்திருந்தேன். எனக்குத் தண்ணீர் எடுக்க அலமாரியைத் திறந்தவள், அந்த டம்ளரைத் தள்ளிவைத்துவிட்டு வேறொன்றை எடுத்தாள். "இதுல மட்டும் யாரையும் தண்ணி குடிக்க உட மாட்டாருங்க பெரிப்பா. ஆயில் அளந்த டம்ளருன்னு தனியாவே வெச்சிருந்தாரு. 'நான் அளந்தேன், இது பாத்துச்சு'ம்பாரு. அம்மா இருந்தவரைக்கும் அவங்ககிட்ட மட்டுந்தான் சொல்லுவாரு, அப்புறம் எங்கிட்ட" என்றாள். தண்ணீரைக் குடித்து டம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன். பார்த்தது டம்ளர் மட்டுமல்ல என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டேன்.

இனித் தள்ளிப்போடாமல் இருக்க, யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியே வைக்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் பள்ளிபாளையம் பஸ் ஏற வேண்டும். வேறு யாரிடமும் சொல்வதற்கு முன் உன் மகளிடம் சொல்ல வேண்டும், பிளக்கை அவள் கையில் கொடுக்க வேண்டும். அவள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. மன்னிக்க வேண்டியதும் இல்லை. அதைக் காவிரியில் வீசினாலும், என் முகத்தில் வீசினாலும் அது அவள் பாடு.

அங்கிருந்து உன் பழைய முதலாளி வீட்டுக்கு நான் போக வேண்டும். அவருக்கு வயதாகிவிட்டது, காதும் மந்தம். கத்தியாவது சொல்ல வேண்டும். உன்னிடமிருந்து கம்ப்ரசரைப் பறித்தது தப்பு என்று அவர் உன் மகளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் மறுபடி போவேன்.

பல் டாக்டர் அந்தப் பலகையைக் கழற்ற வேண்டும். கழற்றிவிட்டு ஆணி மட்டும் நிற்கக் கூடாது. அதே இடத்தில் என் பெயரைப் போட்டு, 'இவரைப் போலப் பொய் சொல்லாதீர்கள்' என்று எழுத வேண்டும். எழுத மாட்டேன் என்றால் பெயிண்டை நான் வாங்கித் தருவேன். பந்தயத்தன்று முதல் வண்டியை உதைப்பதற்கு முன் மைக்கை என்னிடம் அவர் கொடுக்க வேண்டும். காலேஜ்காரர்களும் இருக்கட்டும்.

கடைசியாக, டாக்டர் கொண்டுவந்த இந்த எஞ்சின். இன்று மத்தியானம் வண்டியில் மாட்டி வாய்க்கால் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். பிளக் காப்பி நிறம். பந்தயம் ஏழு மணிக்கு, பனிக்குள்ளே. மூன்று கோடு ஜெட்டைக் கழற்றிவிட்டு நான்கு கோடு போட வேண்டும். செய்ய வேண்டியது நான். சொன்னது நீ என்று டாக்டரிடம் சொல்லித்தான் வண்டியைக் கொடுக்க வேண்டும்.